பாட்டில் ஊற்றினால் கார்பன் போகுமா? ப்ரோபாக்ஸுக்கு ஒரு பதில், நோவாவுக்கு வேறு பதில்

மியன்மாரின் மோல்மேனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 2005 மாடல் டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1500 சிசி. மளிகைக் கடை வண்டி, டவுனுக்குள்ளேயே சரக்கு இறக்கிக்கொண்டு சுற்றுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு நிமிடம் உடம்பு நடுங்குகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. லோடோடு பகோடா மேட்டில் ஏறும்போது இன்ஜினில் இருந்து கண்ணாடி டம்ளருக்குள் கோலிக்குண்டு உருட்டுகிற மாதிரி சத்தம். பெட்ரோலும் முன்பைவிட அதிகம் குடிக்கிறது. உதிரிபாகக் கடைக்காரர் பார்த்துவிட்டு "எல்லாம் கார்பன்தான்" என்று மூன்று சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்: பெட்ரோல் டேங்கில் ஊற்ற ஒரு பாட்டில், ஆயிலில் ஊற்ற ஒரு பாட்டில், ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்ஜின் ஓடும்போதே முழுசாக அடிக்கச் சொல்லி ஒரு ஸ்ப்ரே டின். இது எல்லாம் வேலை செய்யுமா, அப்படியே மச்சானுடைய 2003 டொயோட்டா நோவாவுக்கும் ஒரு செட் வாங்கிக் கொடுக்கலாமா என்பது கேள்வி.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போகலாம். ப்ரோபாக்ஸுக்கு டேங்க் பாட்டில் உதவும், சரியான பாட்டிலாக இருந்தால். மச்சானுடைய நோவா டி-4 இன்ஜின், அதாவது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் வகை என்றால் அதே பாட்டில் முக்கால்வாசி வீண். ஆயில் பாட்டிலை இரண்டு வண்டிக்கும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஸ்ப்ரே நல்ல பொருள்தான், ஆனால் கடைக்காரர் சொன்ன விதத்தில் தயவுசெய்து அடிக்காதீர்கள்.

நான் யாங்கோனில் வப்ஷோ, அதாவது வண்டி ரிப்பேர் பட்டறை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, பாட்டில் விற்பவன் இல்லை. பாட்டிலைத் திட்டுபவனும் இல்லை. இந்த விஷயத்தில் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள்: ஒரு கட்சி "அது எல்லாம் சாயத் தண்ணி" என்கிறது, இன்னொரு கட்சி மாதம் ஒரு பாட்டில் ஊற்றுகிறது. இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கார்பன் எங்கே இருக்கிறது? டேங்கில் ஊற்றும் மருந்து பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் எந்த இடத்தை நனைக்கிறதோ அந்த இடம் வரைக்கும்தான் அதற்கு வழி உண்டு.

பழைய தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தினமும் மாவு விழுகிறது, சுரண்டுகிறோம், துடைக்கிறோம், அந்த இடம் பளபளவென்று இருக்கும். விளிம்பில் மட்டும் எண்ணெய் வழிந்து, காய்ந்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் வழிந்து, வருடக்கணக்கில் கரி ஏறியிருக்கும், கரண்டியால் தட்டினால் கூட வராது. இன்ஜினிலும் கதை அதேதான். பெட்ரோலில் இருக்கும் சில நிலையற்ற பொருட்கள், வால்வு வழியாகக் கசியும் ஆயில், ஆயில் சட்டியில் இருந்து திரும்ப உறிஞ்சப்படும் ஆவி, இது எல்லாம் சூடான உலோகத்தில் பட்டு வெந்து படிகிறது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகு ஒரு இடம், பிஸ்டன் தலையும் அதற்கு மேலே இருக்கும் அறையும் இன்னொரு இடம், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் மூக்கு, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியின் தகடு, பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளம் என்று ஒவ்வொரு இடத்துக் கரிக்கும் ஒவ்வொரு குணம், ஒவ்வொன்றும் வேறு வேறு தொந்தரவு கொடுக்கும்.

ப்ரோபாக்ஸில் இருப்பது 1என்இசட் இன்ஜின். இதில் இன்ஜெக்டர் இன்டேக் குழாயில் உட்கார்ந்து வால்வின் முதுகைப் பார்த்துப் பெட்ரோலைப் பீச்சுகிறது. அதாவது தோசைக்கல்லின் விளிம்பு வரைக்கும் மாவு போகிற அமைப்பு. இதில் வால்வின் முதுகில் கரி ஏறினால் அது கடற்பஞ்சு மாதிரி நடந்துகொள்ளும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பீச்சும் பெட்ரோலில் ஒரு பங்கை அந்தக் கரியே குடித்துவிடுகிறது, உள்ளே போக வேண்டிய அளவு போகாமல் சிலிண்டர் பட்டினி கிடக்கிறது, இன்ஜின் நடுங்குகிறது. சூடான பிறகு குடித்தது எல்லாம் ஆவியாகி வெளியே வருகிறது, நடுக்கம் நின்றுவிடுகிறது. உங்கள் வண்டியில் காலையில் நடக்கிற கூத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

மேட்டில் வரும் கோலிக்குண்டு சத்தம் நாக்கிங், அதாவது அறைக்குள் பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடிப்பது. இந்த இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்துகிற விகிதம், 10.5க்கு 1. ஜப்பானில் இந்த வண்டி குடிப்பது அங்கே ரெகுலர் என்று விற்கும் பெட்ரோல், அதன் தர அளவு ஆக்டேன் 89க்குக் குறையக் கூடாது என்பதுதான். நாம் ஊற்றுவது 92. அப்படியானால் நியாயமாக நாக்கிங் வரவே கூடாது. வருகிறது என்றால் அறையில் கரி ஏறியிருக்கலாம், ஏனென்றால் கரி இடத்தை அடைத்துக்கொண்டு கம்ப்ரஷனைக் கூட்டுகிறது, போதாததற்கு சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அல்லது நீங்கள் ஊற்றுவது 92 இல்லை. ரோட்டோரத்தில் தண்ணி பாட்டிலில் வரிசையாக அடுக்கி வைத்து, புனல் வைத்து ஊற்றுகிறார்களே, அந்தப் பெட்ரோலில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிற அக்காவுக்கே தெரியாது. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் இரண்டு பாட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள், குறை சொல்லவில்லை. அதையே தினசரி வழக்கமாக்கிவிட்டு மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. ஒரு வாரம் நல்ல பங்கில் 95 மட்டும் போட்டுப் பாருங்கள். சத்தம் உடனே குறைந்தால் சந்தேகம் பெட்ரோல் மேலேயும் கரி மேலேயும் போகும். கொஞ்சமும் குறையவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 95 போட்டால் இன்ஜின் சுத்தமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் குணம், அவ்வளவுதான். சுத்தம் செய்வது டிடர்ஜெண்ட், அது தனியாகக் கலக்கப்படுகிற பொருள். அமெரிக்காவில் 1995ல் இருந்து எல்லாப் பெட்ரோலிலும் டிடர்ஜெண்ட் கலந்தே ஆக வேண்டும் என்று சட்டம். அந்தச் சட்டம் கேட்கிற அளவு போதவில்லை என்று பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா நாலு பேரும் சேர்ந்து 2004ல் டாப் டியர் என்று ஒரு முத்திரையே கொண்டுவந்தார்கள். நான் போகிற பங்க் எதிலும் அந்த முத்திரையைப் பார்த்ததில்லை. ஆகவே நமக்கு எப்போதாவது ஒரு பாட்டில் தனியாக ஊற்றுவதில் அர்த்தம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

சரி, எந்தப் பாட்டில்? வெளியே ஒட்டியிருக்கும் ரேஸ் கார் படத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள், தாய் மொழியோ ஜப்பான் மொழியோ எதுவானாலும் படிக்கத் தெரிந்த யாரையாவது பிடியுங்கள், போனில் படம் பிடித்தால் அதுவே மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. தேட வேண்டியது பி.இ.ஏ. என்ற மூன்று எழுத்து, அதாவது பாலி ஈத்தர் அமீன். இதன் ஒரு முனையில் நைட்ரஜன் உள்ள அமீன் கரியைப் போய்க் கவ்விக்கொள்ளும், மற்ற உடம்பு பெட்ரோலோடு கரைந்துகொள்ளும், கரியைத் துணுக்குத் துணுக்காக இழுத்துக்கொண்டு போய் அறையில் எரிந்துவிடும். அறையின் சூட்டைத் தாங்கி அங்கேயும் கொஞ்சம் வேலை செய்யும் என்பதுதான் இதன் தனிச் சிறப்பு. செவ்ரான் கம்பெனியின் டெக்ரான் இந்த வகைதான், பல வருடமாக இருக்கிற சாமான். இன்னொரு வகை பி.ஐ.பி.ஏ., பாலி ஐசோபியூட்டிலீன் அமீன். அதுவும் இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தம் செய்யும், ஆனால் அறைக்குள் போனதும் முழுசாக எரியாமல் தன் பங்குக்குக் கொஞ்சம் கரியை விட்டுவிட்டுப் போகும் சுபாவம் உண்டு. உங்கள் வண்டியில் நாக்கிங் இருப்பதால் இது வேண்டாம். மூன்றாவது வகை ஒன்று உண்டு, சந்தையில் அதிகம் இருப்பது அதுதான்: மண்ணெண்ணெய் மாதிரி ஒரு கரைப்பான், கொஞ்சம் வாசனை, கொஞ்சம் நிறம். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகவும் குறைவு. நாக்கிங்கோடு இருக்கிற வண்டிக்கு அதை ஊற்றுவது காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துகிற கதை.

"ஆக்டேன் பூஸ்டர்" என்று எழுதியிருப்பதையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சிலவற்றில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் இருக்கும். நாலு டேங்க் ஊற்றிவிட்டு ப்ளக்கைக் கழற்றினால் வெற்றிலை போட்ட பல் மாதிரி செம்மண் நிறத்தில் இருக்கும். அந்தப் படிவம் மின்சாரத்தைக் கடத்தும், ப்ளக் போய்விடும். அப்புறம் பாச்சை உருண்டைக்காரர்கள். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது என்று இன்னும் டேங்கில் இரண்டு உருண்டை போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் காலத்து உருண்டை நாஃப்தலீன், அதற்கு ஒரு நியாயமாவது இருந்தது. இப்போது கடையில் கிடைக்கிற பல உருண்டைகள் குளோரின் உள்ள வேறு பொருள், எரிந்தால் அமிலம் வரும். பெட்டியில் புடவைக்கு நடுவில் இருக்க வேண்டியது அங்கேயே இருக்கட்டும்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் ப்ளக் நாலையும் கழற்றிப் பாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை, பத்து மில்லிமீட்டர் சாவியும் ப்ளக் சாவியும் போதும். இன்ஜின் ஆறியிருக்கும்போது கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு வெள்ளைத் துணியில் வையுங்கள். மூக்கில் டீக்கடைப் பால் டீ நிறம் இருந்தால் எரிவது ஒழுங்காக எரிகிறது. காய்ந்த கறுப்பு, விரலில் மை மாதிரி ஒட்டுகிறது என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது இன்ஜின் சூடாகவே மாட்டேன் என்கிறது. ஈரக் கறுப்பு, வழவழவென்று ஆயில் வாசனையோடு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. நாலில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்த ஒரு சிலிண்டரின் நோய், அதற்குப் பாட்டில் மருந்து இல்லை.

இன்ஜின் சூடாகவே மாட்டேன் என்கிறது என்றேன் அல்லவா, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் "கார்பன்" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மூல வியாதி இதுதான். நம் பக்கத்து வப்ஷோக்களில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஒரு தடவை ஹீட் ஆனால் முதல் வேலையாக தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "இது எல்லாம் பனி நாட்டுக்கு, நம்ம வெயிலுக்கு எதற்கு" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சயா, அதாவது குரு சொன்னபடி எத்தனையோ கழற்றியிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சின்ன வால்வு 80 டிகிரி தாண்டிய பிறகுதான் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்துவிடும். அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்தில் இருந்தே தண்ணி சுற்றிச் சுற்றி ஆறிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் "இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கும். மழைக்காலத்தில், டவுனுக்குள் கடைக்குக் கடை நிறுத்தி ஓட்டுகிற உங்கள் வண்டி மாதிரி வண்டிக்கு அந்த 80 டிகிரி வரவே வராது. பெட்ரோல் செலவு, கறுப்பு ப்ளக், கரி, எல்லாம் அங்கே இருந்துதான். சோதிப்பது சுலபம். காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே இருங்கள், ஃபேனுக்குக் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் குழாய் சில நிமிடம் ஆறியே இருந்து பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்தில் இருந்தே மெதுமெதுவாக வெதுவெதுப்பு ஏறுகிறது என்றால் உள்ளே வெறும் ஓட்டைதான், அல்லது அது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் முதலில் அதைப் போடுங்கள். அதைப் போடாமல் பாட்டில் ஊற்றுவது ஓட்டைப் படகில் தண்ணி இறைக்கிற வேலை.

இது எல்லாம் சரியாக இருக்கிறது, ப்ளக்கும் காய்ந்த கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். இப்போது பாட்டிலை ஊற்றுகிற முறை. ஆயில் மாற்ற வேண்டிய தேதி நெருங்கும்போது ஊற்றுங்கள், மாற்றிய மறுநாள் ஊற்றாதீர்கள். காரணம், இந்த மருந்தில் ஒரு பங்கு ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கும், கழுவி எடுத்த அழுக்கும் கொஞ்சம் இறங்கும். டேங்க் காலியான பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டால் கணக்கு முடிந்தது. இந்த இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர் போதும், நாலு லிட்டர் டின்னை முழுக்கக் கவிழ்க்க வேண்டாம்.

டேங்க் கிட்டத்தட்டக் காலியாகி விளக்கு எரியும்போது முதலில் பாட்டில், அதன்மேல் பெட்ரோல். அப்போதுதான் விழுகிற வேகத்தில் நன்றாகக் கலக்கும். ப்ரோபாக்ஸ் டேங்க் 50 லிட்டர். பாட்டிலில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அதையே பாருங்கள், சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று இரண்டு பாட்டிலை ஒன்றாகக் கவிழ்க்காதீர்கள், அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஊற்றிய பிறகு பாதி டேங்கில் பெட்ரோல் சேர்க்காதீர்கள், கடைசி வரை ஓட்டிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். முக்கியமான விஷயம், இந்த ஒரு டேங்கை டவுனுக்குள்ளேயே கடைக்குக் கடை ஓட்டித் தீர்க்காதீர்கள். ரோடு நிலவரம் பார்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்தைத் தாண்டி தாட்டன் வரைக்கும் போய் வாருங்கள், சொந்தக்காரர் யாராவது அங்கே இருப்பார்கள், நம்மாட்கள் இல்லாத தாட்டனா. கியரை ஒன்று குறைத்து வைத்து 3000 சுற்றுக்குப் பக்கத்தில் சீராகப் பிடித்துக்கொண்டு போங்கள். பறக்க வேண்டியதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடாகி, அறைக்குள் இருக்கும் மெல்லிய கரி எரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். மருந்தே இல்லாமல் இப்படி ஓட்டினாலும் ப்ளக்கும் அறையும் ஓரளவு சுத்தமாகும் என்பது பழைய கால வித்தை, ஆனால் வால்வு முதுகில் இருக்கும் கெட்டிக் கரி வெறும் வேகத்துக்கு அசையாது, அங்கேதான் பி.இ.ஏ. வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஊற்றிய அன்றே வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் அது மனசுக்கு ஊற்றிய மருந்து. வருடக்கணக்கில் ஏறியது ஒரு நாளில் இறங்காது. முதல் டேங்க் முடியும்போது காலை நடுக்கம் குறைந்தது தெரியலாம். கொஞ்சமாவது மாறுதல் தெரிந்தால் அடுத்த ஆயில் மாற்றத்துக்கு முன்னால் இன்னொரு பாட்டில். இரண்டு டேங்கிலும் துளி மாறுதல் இல்லை என்றால் மூன்றாவது வாங்காதீர்கள், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. நன்றாகிவிட்டால் அதற்குப் பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை போதும்.

ஸ்ப்ரே டின்னுக்கு வருகிறேன். ஏர் ஃபில்டரைக் கழற்றி அங்கிருந்து அடித்தால் மருந்து முதலில் போய் விழுகிற இடம் காற்றை அளக்கும் சென்சார். அதற்குள் இருப்பது முடி மாதிரி மெல்லிய சூடான கம்பி. அதில் அழுக்கு மருந்து பட்டுக் காய்ந்தால் கணக்கு தப்பும், நடுங்காத வண்டியும் நடுங்கும். அதோடு முழு டின்னையும் ஒரே மூச்சில் அடித்தால் உள்ளே ஏதாவது பள்ளத்தில் குளம் கட்டி, ஒரே சமயத்தில் சிலிண்டருக்குள் புகுந்துவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணியை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். உங்கள் டின் த்ராட்டில் பாடி க்ளீனர் என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி, துணியில் அடித்துத் துடையுங்கள். தகட்டின் ஓரத்தில் கறுப்பு வளையம் மாதிரி கரி இருக்கும், ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது, தடுமாறுவதற்கு அதுவே காரணமாக இருக்கிற வண்டிகள் ஏராளம். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி போட்டபடி தகட்டை விரலால் தள்ளாதீர்கள். துடைத்த பிறகு ஐட்லிங் கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கும். அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் இத்தனை நாளும் பழகியிருந்தது, புதுசாகப் பழக நேரம் கொடுங்கள்.

ஆயில் பாட்டில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது வேறு நோய்க்கு மருந்து. ரிங் பள்ளத்தில் கரி இறுகி ஆயில் எரிகிற வண்டிக்கு, நீலப் புகை விடுகிற வண்டிக்கு அதை யோசிக்கலாம். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. முன்பு ஒருமுறை என்னிடம் வந்த பழைய வண்டி ஒன்றில், சரித்திரம் எதுவும் விசாரிக்காமல் ஆயிலில் ஃப்ளஷ் ஊற்றிப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஆயில் மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். இன்செயின் ரோட்டில் பாதி வழி போனதும் ஆயில் விளக்கு எரிகிறது என்று போன் வந்தது. நல்லவேளை உடனே அணைத்துவிட்டார். ஆயில் சட்டியைக் கழற்றினால், வருடக்கணக்கில் சுவரில் ஒட்டியிருந்த சேறு பாளம் பாளமாகப் பெயர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையில் போய் ஒட்டியிருந்தது, பால் ஆடை வடிகட்டியில் நிற்குமே அந்த மாதிரி. சட்டியைக் கழுவி, வலையைக் கழுவி, கூலி வாங்காமல் அனுப்பினேன். ஜப்பானில் கம்பெனிக்காரன் ஓட்டி, அங்கே ஏலத்தில் போய், இங்கே வந்து மூன்று கை மாறிய வண்டிக்கு மீட்டர் சொல்வதும் தெரியாது, ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதும் தெரியாது. நல்ல ஆயிலைப் போட்டு 3,000 கிலோமீட்டரில் மாற்றி, மறுபடியும் 3,000ல் மாற்றினால் அதே வேலை மெதுவாக, ஆபத்தில்லாமல் நடக்கும்.

இப்போது மச்சானுடைய நோவா. அந்த வயசு 2000 சிசி நோவாவில் இருப்பது 1ஏஇசட்-எஃப்எஸ்இ, இன்ஜின் மேல் மூடியில் டி-4 என்று எழுதியிருக்கும். 1996ல் மிட்சுபிஷி ஜிடிஐ என்றும் டொயோட்டா டி-4 என்றும் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள், அந்தக் குடும்பத்து இன்ஜின். இதில் இன்ஜெக்டர் இன்டேக் குழாயில் இல்லை, நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சுகிறது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நல்ல யோசனைதான். ஆனால் இன்டேக் வால்வின் முதுகில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட விழாது. மேலே இருந்து வருவது காற்றும், அதோடு ஆயில் ஆவியும், இஜிஆர் வழியாகத் திரும்ப வரும் புகையும் மட்டும்தான். விளிம்பில் எண்ணெய் மட்டும் வழிகிறது, மாவு வருவதே இல்லை. டேங்கில் நீங்கள் ஊற்றுவது தங்க பஸ்பமாக இருந்தாலும் அந்த வால்வுக்குப் போய்ச் சேர வழி கிடையாது. இன்ஜெக்டர் மூக்கையும் அறையையும் அது தொடும், அந்த அளவுக்குப் பலன் உண்டு, முக்கால்வாசி வீண் என்று சொன்னது அதனால்தான். டொயோட்டாவுக்கே இது தெரிந்துதான் 2005ல் டி-4எஸ் என்று இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் வைத்த இன்ஜின் கொண்டுவந்தது.

இப்படி ஒரு நோவாவை நான் பிரித்ததைச் சொல்கிறேன். ஐட்லிங்கில் சிக்னலில் நின்றால் அணைந்துவிடும் என்று வந்தது. உரிமையாளர் அதற்குள் ஏழெட்டுப் பாட்டில் ஊற்றியிருந்தார். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், பெருவிரல் தாராளமாக நுழைய வேண்டிய துளையில் சுண்டுவிரல் நுழையவே யோசிக்கும். ஒவ்வொரு சிலிண்டராக வால்வு மூடியிருக்கும் நிலைக்கு இன்ஜினைக் கையால் சுற்றி வைத்து, கார்ப் க்ளீனர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, மூங்கில் குச்சியைச் சீவிச் சுரண்டினோம், இரும்புக் கம்பி போட்டால் வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழும் என்பதற்காக. சுரண்டியதைப் பக்கத்துத் தேநீர்க்கடையில் வாங்கி வந்த காலிப் பால் டின்னில் போட்டுக்கொண்டே வந்தோம். எட்டு வால்வு முடியும்போது டின் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, கருகிய எண்ணெய்ச் சட்டியின் அடி மாதிரி ஒரு நாற்றம். கூடவே இஜிஆர் வால்வும் த்ராட்டிலும் துடைத்து, ஆயில் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி விடும் பிசிவி வால்வைப் புதுசாகப் போட்டு, கேஸ்கெட் மாற்றி மூட ஒன்றரை நாள் ஆனது. பெரிய ஊர்களில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீச்சி அடித்துச் சுத்தம் செய்கிற மெஷின் இருக்கிறது, உலோகத்தைக் கீறாது, வேலையும் சீக்கிரம் முடியும். கையில் மூங்கில் குச்சியும் பொறுமையும் இருந்தாலும் முடியும்.

ஆக மச்சானிடம், பாட்டில் செட்டுக்குக் கொடுக்கிற காசை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர் வண்டியில் தொந்தரவு எதுவும் இல்லை என்றால் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிக்கொண்டு, பிசிவி வால்வு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். ஐட்லிங் தடுமாறுகிறது, அணைகிறது என்றால் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். "இருபது நிமிடத்தில் மெஷின் போட்டுச் சுத்தம் செய்கிறோம்" என்று ஸ்ப்ரேயோ நுரையோ உறிஞ்ச வைப்பவர்களிடம், கழற்றாமல் எப்படி உள்ளே பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ப்ளக் துளை வழியாகவும் இன்டேக் வழியாகவும் விடுகிற சின்ன கேமரா இப்போது போனிலேயே மாட்டுகிற விலையில் கிடைக்கிறது. முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் காட்டுகிறவரிடம் கொடுங்கள்.

ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், புது வண்டி வாங்கினால் தாவுக்சான் தாண்டி ஷ்வே ஞாவுங் பின் நாட், அதாவது காவல் தெய்வத்தின் சன்னதி முன்னால் நிறுத்தி மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்திக் கும்பிட வைக்கிறோமே, அப்போதே ஒரு பாட்டிலும் ஊற்றிவிட்டால் என்ன என்று. இரண்டும் நல்லதுதான், ஆனால் அன்றைக்கே ஆயிலையும் மாற்றுங்கள் என்று சொன்னேன்.

தம்பி, நீங்கள் முதலில் மேல் குழாய்ச் சோதனையைச் செய்யுங்கள். அப்புறம் ப்ளக் நாலையும் கழற்றி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று துணியில் எழுதி, வெயில் வெளிச்சத்தில் மூக்கு தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். கூடவே அந்தப் பாட்டிலின் பின்பக்கத்தையும் ஒரு படம். பார்த்துவிட்டு ஊற்றலாமா, கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று சொல்கிறேன்.